பிள்ளையைக் கூட்டிச்செல்ல அனுமதிக்கப்பட்டவர்கள்

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தாள்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பள்ளி தொடங்கிய முதல் கிழமையே என் மகன் ஒரு கட்டுத் தாளோடு வந்து நிற்பான். எல்லாவற்றிலும் அதே பெயர், அதே முகவரி, அதே தொலைபேசி எண். போன வருடம் எழுதிக் கொடுத்ததை எல்லாம் இவர்கள் அடுப்பிலா போட்டார்கள்? மேலே பெரிய எழுத்தில் "பெற்றோருக்கான நடைமுறைத் தகவல்கள்" என்று ஒரு தலைப்பு வேறு. அதைப் படித்த உடனேயே பேனையை மேசையில் எறிந்துவிட்டு எழும்பிவிடுவேன்.

"ஒரு தாளுக்கு ஏன் இப்பிடிக் கத்துறீர்?" என்று என் கணவர் சிரிப்பார். அவருக்கென்ன, வளர்ந்து ஆளான பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர். ஏழு வயதில் ஒரு வீட்டுக்கே முழுநேர மொழிபெயர்ப்பாளராக இருந்து பார்த்திருந்தால் சிரிப்பு வராது.

எண்பதுகளில் நாங்கள் பாரிசின் லா சப்பலில், ரயில் தண்டவாளங்களைப் பார்த்தபடி நின்ற ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தோம். வீடு ஒன்றரை அறை. அந்த அரை அறைதான் சமைக்கிற குசினி. அப்பா ஒப்பேராப் பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா வீட்டில் இருந்தார். குசினியில் ஒரு மாமா இருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி இல்லை. அப்பாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் முகவரி எழுதிய ஒரு துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பாரிசில் வந்து இறங்கியவர், ஒரு கிழமை தங்கிவிட்டுப் போகிறேன் என்று பாயை விரித்தார். இரண்டு வருடம் இருந்தார். அம்மாவை அவர் அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் மாமா. அவ்வளவுதான் உறவு.

நான் ஐந்து வயதில் வந்து பாலர் பள்ளியில் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு என் விதி முடிந்தது. வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும், மின்சாரக் கட்டணமோ, பக்கத்து வீட்டுக்காரி கதவில் ஒட்டிவிட்டுப் போன சண்டைத் துண்டோ, "பிள்ளையிட்டைக் குடு" என்பார்கள். விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி, சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, எழும்பி வந்து எழுத்துக்கூட்டி வாசிக்கவேண்டும். பாதிச் சொல் விளங்காது. விளங்கவில்லை என்றால் "அப்ப என்ன படிக்கிறாய் அங்கை?" என்று கேட்பார்கள். அதனால் விளங்காத இடங்களில் நானே எதையாவது போட்டு நிரப்பிவிடுவேன்.

இரண்டாம் வகுப்பின் முதல் கிழமையில் அந்தத் தாள் வந்தது. ஊதா மையில் உருட்டி அச்சடித்தது, முகர்ந்தால் சாராயம் மாதிரி மணக்கும். பெற்றோருக்கான நடைமுறைத் தகவல்கள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார், அப்பா வேலைக்குப் போவதற்கு முன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், மாமா தலை சீவிக்கொண்டிருந்தார். நான் நடுவில் நின்று செய்தி வாசித்தேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, சனிக்கிழமை காலை உண்டு என்றேன்.

"என்ன கோதாரி நாடு இது? கிழமை நடுவிலை லீவு, சனிக்கிழமை பள்ளிக்கூடமோ?" என்றார் அம்மா. இதை அவர் போன வருடமும் கேட்டார், அதற்கு முந்தைய வருடமும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு மீன் என்றேன். அம்மா அரிசியைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு மச்சம் கொடுக்கிறார்களா, போய்ச் சொல்லவேண்டும், யார் போய்ச் சொல்வது, நீங்கள் போய்ச் சொல்லுங்கோ, எனக்கெங்கே நேரம், அப்படியென்றால் பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடட்டும். இதற்கே கால்மணி நேரம் போனது. கையில் தாளைப் பிடித்தபடி ஒற்றைக் காலை மாற்றி மற்றக் காலில் நின்றேன். அடுத்ததாகப் பேன் பற்றி வந்தபோது, "எங்கடை பிள்ளைக்கு எங்காலை பேன்?" என்று அம்மாவுக்கு மறுபடி கோபம். பேன் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது என்று சொல்லப்போய் எனக்கும் ஏச்சு விழுந்தது.

உடுப்புகளில் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தைத்து அனுப்பவும் என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் அம்மா சந்தோசமாகக் கேட்டார். தையல் அவருக்குப் பிடித்த வேலை. என் மேலங்கி, தொப்பி, கழுத்துத் துணி, காலுறை என்று எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் பிரெஞ்சு எழுத்தில் "நடராசா" என்று தைத்துவிட்டார். நடராசா என்பது என் அப்பாவின் பெயர். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? தகப்பனின் பெயரைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து எழுதுவோம், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். பிரெஞ்சுக்காரருக்கு இது விளங்காது. தாளில் ஒரு பெட்டி இருந்தால் அதற்குள் ஏதாவது ஒரு பெயரைப் போட்டே ஆகவேண்டும். அதனால் என் தாள்களில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. அப்பாவின் தாள்களிலோ அவருடைய அப்பாவின் பெயரான கந்தையா அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. பாரிஸ் எந்தத் திசையில் இருக்கிறதென்றே அறியாத கந்தையா அப்பு, மகனின் அகதி விண்ணப்பத் தாளில் பெரிய எழுத்தில் முன்னுக்கு நின்றார்.

தாளின் கடைசிப் பகுதிதான் வினை. முந்தைய வருடம் ஒரு பையன் பின்னேரம் தனியே வெளியேறி, பக்கத்திலிருக்கும் ஸ்டாலின்கிராட் கால்வாய்க் கரை வரைக்கும் போய்விட்டானாம். அதனால் அந்த வருடம் புதிதாக வந்த பள்ளி அதிபர், சின்ன வகுப்புப் பிள்ளைகளை நாலரை மணிக்கு ஆள் பார்த்துத்தான் ஒப்படைப்பேன் என்று சட்டம் போட்டார். பிள்ளையைக் கூட்டிச்செல்ல அனுமதிக்கப்பட்டவர்கள் என்று போட்டு மூன்று கோடுகள் விட்டிருந்தது. அதுவரை அம்மாதான் என்னைக் கூட்டி வருவார். அந்த மாதம்தான் அவருக்கு ஒரு கந்தோரில் அலுவலக அறைகள் துடைக்கும் வேலை கிடைத்தது. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கும் வேலை.

"நான் போறன் அக்கா" என்றார் மாமா. அவர் விடிய எழும்பி வீடு வீடாக விளம்பரத் தாள் போடுகிற வேலை செய்தார். மதியத்துக்குப் பிறகு சும்மாதான் இருப்பார். பேனையும் அவரே எடுத்தார். பின்னேர வகுப்பு ஒன்றுக்குப் போய் இரண்டு மாதம் பிரெஞ்சு படித்த பெருமை அவருக்கு. அதனால் எனக்கு ஒருநாளாவது ஓய்வு என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

"அப்பாவின்ரை பேர் எண்டு கேட்டிருக்கு அண்ணை."

"நடராசா எண்டு எழுது."

எழுதினார். முழுப் பெயர், அடையாளத் தாளில் உள்ளபடி எழுத வேண்டும் என்று பக்கத்திலேயே குட்டி எழுத்தில் இருந்தது. அதை யார் வாசித்தார்கள்? நானும் வாசிக்கவில்லை. பிறகு கூட்டிச்செல்பவர் கோட்டில் மாமா தன்னுடைய பெயரைத் தன்னுடைய தாளில் உள்ளபடி, படித்த மனிதர் மாதிரி, குடும்பப் பெயரை முதலில் எழுதினார். அந்தப் பெயரும் நடராசா.

"அட, உன்ரை அப்பரும் நடராசாவே?" என்று அப்பா சிரித்தார். எங்கள் பக்கத்தில் தெருவுக்கும் ஒழுங்கைக்கும் ஒரு நடராசா இருப்பார், அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. உறவுமுறை என்று கேட்ட இடத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் யோசித்தார்கள். கடைசியில் "குடும்பம்" என்று எழுதினார்கள். அம்மாவின் பெயரை இரண்டாம் கோட்டில் போட்டார்கள்.

"நீங்களும் உங்கடை பேரைப் போடுங்கோவன்" என்றார் அம்மா.

அப்பாவுக்குச் சுர்ரென்று வந்தது. "என்ரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர எனக்கு ஆற்றை அனுமதி? விசர்க் கதை கதையாதையும்."

மூன்றாம் கோடு வெறுமையாகவே போனது.

அதிபர் கட்டையான மனுசி. கழுத்தில் சங்கிலியில் மாட்டிய கண்ணாடி, கையில் அட்டை, அட்டையில் பட்டியல். முதல் நாள் மாமா வந்து தன்னுடைய தாளை நீட்டினார். அதிபர் அதைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், என் தொப்பியில் சிவப்பு நூலில் தைத்திருந்ததைப் பார்த்தார். "பொன்சூர், மெசியே நடராசா" என்று சிரித்தார். திரும்பி என்னிடம், உன் அப்பா வந்துவிட்டார் என்றார்.

இல்லை, இவர் எங்கள் வீட்டு மாமா என்று நான் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். இரண்டாம் நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள், முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம் பிடித்தது. மாமாவுக்கோ அவர் சொன்னதில் நாலில் ஒரு பங்குகூட விளங்கியிருக்காது. எது கேட்டாலும் "உவி, மதாம்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டுவார். உங்கள் மகள் நன்றாக வாசிக்கிறாள், உவி மதாம். மகளுக்கு இருமல் இருக்கிறது, உவி மதாம். கூட்டத்துக்கு வருகிறீர்களா, உவி மதாம். போகவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு அது பிடித்தும் இருந்தது. மாமா இளந்தாரி. யாரோ கொடுத்த கருநீல மேலங்கி அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். தலையை நீர் தொட்டு வழித்துச் சீவியிருப்பார். "உன் அப்பா வடிவு" என்று என் பக்கத்தில் இருக்கும் பிள்ளை சொன்னபோது நான் மறுக்கவில்லை. சிரித்தேன். என் அப்பா நாற்பது தாண்டியவர், கழுவி வெடித்த கைகள், எப்போதும் வெங்காயமும் வெளுப்புத் திராவகமும் கலந்த ஒரு மணம். வீட்டில் அந்த மணத்தின் மேல் படுத்துத்தான் நான் தூங்குவேன். பள்ளிக்கூட வாசலுக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை அப்பாவின் உணவகத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. முதலாளி மதியத்தோடு கடையைப் பூட்டிவிட்டார். அப்பா வீட்டுக்குப் போகாமல் நேரே என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு அவர் என்னைக் கூட்டிப்போக வருவது அதுதான் முதல் தடவை. ஒரு கையில் ரப்பர்ச் சப்பாத்துகளைத் திணித்த பை, மறு கையில் மிஞ்சிப்போன பாண். படலைக்கு வெளியே நின்று, தெருவுக்கே கேட்கும்படி "ராசாத்தி!" என்று கூப்பிட்டார்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் "ராசாட்டீ, ராசாட்டீ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஐயோ, நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்று இருந்தது. ஏன் இந்த மனுசன் இன்றைக்கு வந்தார்? ஏன் இந்தப் பையோடு வந்தார்? ஏன் கத்துகிறார்?

அதிபர் அவரை மறித்தார். யார் நீங்கள்?

"முவா பப்பா" என்று அப்பா நெஞ்சில் தட்டிக் காட்டினார். நான் அப்பா. அவரிடம் இருந்தது குசினிப் பிரெஞ்சு. தட்டு, கத்தி, கெதியாய், சூடு. அதில் அப்பா என்ற சொல்லும் இருந்ததே பெரிய காரியம். அதிபர் தாளைக் கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து, நாலாய் மடித்த, படம் ஒட்டிய தாளை எடுத்து நீட்டினார். கந்தையா என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதிபர் தன் பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். கந்தையா என்று யாரும் இல்லை. இந்தப் பிள்ளையின் அப்பாவை எனக்குத் தெரியும், தினமும் வருகிறார், நீங்கள் அவர் இல்லை என்றார்.

அப்பாவுக்கு விளங்கியது "இல்லை" என்பது மட்டும்தான். மறுபடி நெஞ்சில் தட்டினார், என்னைக் காட்டினார், குரலை உயர்த்தினார். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

அதிபர் குனிந்து என் தோளில் கைவைத்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அன்பாகத்தான் கேட்டார். இந்த மெசியே உன் அப்பாவா?

ஆம் என்று சொன்னால், அப்படியானால் தினமும் வருகிறவர் யார் என்று கேட்பார். இத்தனை நாளாக நீ பொய் சொன்னாயா என்று கேட்பார். பக்கத்தில் இருக்கும் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார், சொல்லு பிள்ளை என்பது போலத் தலையை ஆட்டினார். நான் என் சப்பாத்துகளைக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அதிபர் என்னைத் தனக்குப் பின்னால் தள்ளிப் படலையைச் சாத்தினார். பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். அந்தச் சொல் அப்பாவுக்கு நன்றாக விளங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தாளோடு நிற்கிற எவருக்கும் விளங்கும். அவர் உடனே கத்துவதை நிறுத்தினார். பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நின்றார்.

அந்த நேரம் பார்த்து மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். அப்பா வருவது அவருக்குத் தெரியாது. அன்றைக்குப் பத்து நிமிடம் பிந்திவிட்டார், பிந்தியதற்கு ஏச்சு விழும் என்ற பயத்தோடு வந்தார்.

"அண்ணை, நீங்களும் வந்தனீங்களோ?"

அப்பா அவரைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "தம்பி, ஒண்டும் கதையாதை. நீ கையெழுத்தைப் போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. நான் மூலையிலை நிக்கிறன்."

பையைத் தூக்கிக்கொண்டு போனார். மாமா படலைக்கு வந்ததும் அதிபருக்கு முகம் தெளிந்தது. அந்த ஆள் உங்கள் மகளைக் கூட்டிப்போகப் பார்த்தான், கவனமாக இருங்கள் மெசியே நடராசா என்றார். "உவி, மதாம்" என்றார் மாமா. அந்த "உவி மதாம்"ஐ நினைத்தால் இன்றைக்கும் அந்த மனிதரின் வாயைத் தைத்துவிடலாம் போல இருக்கிறது. பாவம், அவர் என்ன செய்வார்?

மெத்ரோப் படிக்கட்டடியில் அப்பா நின்றார். என் புத்தகப் பையை மாமாவிடமிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வழியில் நான் பாணில் ஒரு துண்டு கேட்டேன், அப்பா பிய்த்துத் தந்தார்.

அம்மாவுக்கு அடுத்த நாள் காலையில்தான் தெரிந்தது. மாமா தேநீர் குடித்தபடி சொல்லிவிட்டார். பிறகு கேட்கவேண்டுமா? தன் பேரைப் போடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த அப்பாவுக்கு முதல் ஏச்சு. விளங்காமல் தலையாட்டுகிற மாமாவுக்கு அடுத்தது. "அப்பா எண்டு அந்த மனுசி உன்னைச் சொல்லேக்கையும் உவி மதாமோ? நாளைக்கு உன்னை ஆரும் கழுதை எண்டால் அதுக்கும் உவி மதாமோ?" பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ நிண்டனீதானே? உனக்கு வாயிலை என்ன கொழுக்கட்டையே?"

நான் அழத் தொடங்கினேன். அழுகை எனக்கு அப்போது நன்றாக உதவும்.

"பிள்ளையைப் பேசாதையும்" என்றார் அப்பா. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டாம் மாடியில் ஒரு புதுச்சேரி மதாம் இருந்தார். தபால் கந்தோரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போவார், பிரெஞ்சுப் பிரசை. எங்களுடைய பெரிய பிரச்சினைகளை அவரிடம்தான் கொண்டுபோவோம். என் பிரெஞ்சு மின்சாரக் கட்டணத்துக்கு மட்டும் போதும். அம்மா போய் அழுதார். "ஐயோ மதாம், இதுக்கா அழறீங்க? எங்க தாத்தா காலத்துலயே எங்க குடும்பத்துக்கு ஒரு ஃபமி பேரு எழுதிக் குடுத்துட்டாங்க. உங்காளுங்களுக்கு இப்பதான் ஆரம்பிக்குது" என்று சொல்லிச் சனிக்கிழமை பள்ளி விடுகிற நேரத்துக்கு எங்களோடு வந்தார். அப்பா உணவகத்தில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கியிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டைப் பையில் சீப்பு.

அதிபரின் அறையில் புதுச்சேரி மதாம் ஒரு தாளை எடுத்து வம்சப் படம் போட்டார். கந்தையாவின் மகன் நடராசா. நடராசாவின் மகள் இவள். வேறு ஊரில் வேறு ஒரு நடராசா, அவருடைய மகன்தான் தினமும் வருகிறவர். அந்த நடராசாவுக்கும் இந்த நடராசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதிபர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். அப்படியானால் மெசியே நடராசா மெசியே நடராசா இல்லை, மெசியே கந்தையாதான் நடராசா? ஆம். மதாமின் குடும்பப் பெயர்? அம்மாவின் தாளில் மூன்றாவதாக ஒரு பெயர். அதிபர் பேனையை வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கொஞ்சம் பாவமாக இருந்தது.

விளங்கியபோது அந்த மனுசி சிவந்துபோய்விட்டார். எழும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுசிதான், யாரும் குறை சொல்லமுடியாது. அப்பா "பரவாயில்லை மதாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாம் கோட்டில் தன் பெயரைத் தாளில் உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் முடிந்தது, போகலாம் என்று நான் கதவைப் பார்த்தேன்.

அப்போதுதான் அதிபருக்கு ஒன்று நினைவு வந்தது. நான் பிள்ளையிடம் கேட்டேனே என்றார். இவர் உன் அப்பாவா என்று நேராகக் கேட்டேன். ஏன் இவள் பதில் சொல்லவில்லை?

புதுச்சேரி மதாம் அதைத் தமிழில் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார். அதிபர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போலச் சப்பாத்தைப் பார்த்தேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "அவவுக்குச் சொல்லுங்கோ மதாம். பிள்ளைக்கு இன்னும் பிரெஞ்சு சரியா விளங்காது. கேட்டது விளங்கேல்லை, அதுதான் பேசாமல் நிண்டது."

புதுச்சேரி மதாம் அப்பாவை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்படியே மொழிபெயர்த்தார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? பிரெஞ்சு விளங்காதா? எனக்கா? வீட்டுக்கு வருகிற எல்லாக் குப்பையையும் யார் வாசிக்கிறது? வகுப்பில் வாசிப்பில் நான் இரண்டாவது! அதிபரும் முதலில் புருவத்தைத் தூக்கினார். ஆனால் தகப்பனே சொல்லும்போது அவர் என்ன செய்வார்? ஏற்கெனவே ஒருமுறை அந்த மனிதரை நம்பாமல் விட்டவர். அப்படியானால் உதவி செய்யவேண்டும் என்று உடனே எதையோ எழுதிக்கொண்டார்.

அவர் எழுதியது அடுத்த கிழமை தெரிந்தது. செவ்வாயும் வெள்ளியும் மதியத்துக்குப் பிறகு என்னை வகுப்பிலிருந்து எழுப்பி, பின்பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். அங்கே போர்த்துக்கலிலிருந்து ஒரு மாதத்துக்கு முன் வந்த ஒரு பையனும், வாயே திறக்காத ஒரு சீனப் பிள்ளையும் இருந்தார்கள். ஒரு ரீச்சர் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டுவார். இது மேசை. சொல்லுங்கள், மேசை. இது கதிரை. சொல்லுங்கள், கதிரை. என் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்து அறையில் முழுக் கதை வாசித்துக்கொண்டிருக்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். நான் மேசை என்றேன். டிசம்பர் மாத நத்தார் விடுமுறை வரைக்கும் மேசை என்றேன். தீமை செய்தால்கூட இப்படித் தண்டிக்கமாட்டார்கள் என்று பொருமினேன்.

அப்பாவோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டேன். கடிதம் வந்தால் "எனக்குத்தான் பிரெஞ்சு விளங்காதே" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். அவர் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை. பள்ளிக்கூடம் இல்லை. அப்பா வேலைக்குப் போவதற்காகக் கதவடியில் குந்தியிருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நேற்று என்ன படித்தாய் என்று கேட்டார். அவ்வளவுதான், என்னால் தாங்க முடியவில்லை.

"மேசை!" என்று கத்தினேன். "எல்லாம் உங்களாலைதான். ஏன் அவவுக்குப் பொய் சொன்னனீங்கள்? எனக்கு எல்லாம் விளங்கினது. இவர் உன்ரை அப்பாவோ எண்டு கேட்டவ. ஒவ்வொரு சொல்லும் விளங்கினது. அப்பவே விளங்கினது!"

அப்பாவின் கை கயிற்றில் நின்றது.

"ஓம் பிள்ளை. எனக்குத் தெரியும்" என்றார்.

பிறகு மற்றச் சப்பாத்தையும் கட்டி முடித்து, என் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போனார். நான் குசினிக்கு ஓடிப்போய், தான் பொய் சொன்னதை அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு முழுவதும், வென்றது நான்தான் என்று வீட்டுக்குள் துள்ளித் திரிந்தேன்.